டார்க் மேட்டர்: நிஜமான சரக்கா, கணக்கு இடிக்குதுன்னு போட்ட ஒட்டா?

சுள்ளான்77:
ரொம்ப நாளா உறுத்துற விஷயம், இங்க விவரம் தெரிஞ்சவங்க நாலு பேரு இருக்கீங்கன்னு கேக்குறேன். பிரபஞ்சத்துல இருக்குற மொத்தப் பொருள்ல ஆறுல அஞ்சு பங்கு கண்ணுக்குத் தெரியாது, எந்த டெலஸ்கோப்லயும் விழாது, ஆனா ஈர்ப்பு மட்டும் உண்டுங்கறாங்க. 1933-ல ஸ்விக்கிங்கற வானியலாளர் ஆரம்பிச்சு வச்சாரு, 90 வருஷம் தாண்டியாச்சு, ஒரே ஒரு துகளக் கூட எவனும் பிடிக்கல. 19-ம் நூற்றாண்டுல ஒளி பரவ ஒரு ஊடகம் வேணும்னு ஈதர் ஈதர்னு இப்டித்தான் சத்தியம் பண்ணாங்க, அப்புறம் அப்டி ஒண்ணே இல்லன்னு ஆச்சு. கணக்கு வரலன்னா விதி தப்புன்னு ஒத்துக்காம, தெரியாத சரக்க உள்ள ஊத்தி சரிக்கட்டுறதுக்குப் பேரு அறிவியலா? திட்டாம பதில் சொல்லுங்க.

தாரகை:
திட்ட மாட்டோம், நியாயமான கேள்விதான். ஆனா ஈதர விட இதுக்குப் பொருத்தமான பழைய கதை ஒண்ணு இருக்கு, அது ரெண்டு பக்கமும் வெட்டும். யுரேனஸ் கணக்குப்படி ஓடல. பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே உக்காந்து கணக்குப் போட்டு, கண்ணுல படாத ஒரு கோள் அதை இழுக்குது, இந்த இடத்துல பாருங்கன்னு பெர்லினுக்கு லெட்டர் எழுதினாரு. லெட்டர் கைக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே, 1846 செப்டம்பர் 23, அங்க இருந்த வானியலாளர் காலே டெலஸ்கோப்ப திருப்புனாரு, சொன்ன இடத்துல இருந்து ஒரு டிகிரிக்குள்ளயே நெப்டியூன் நின்னுச்சு. அதே லெ வெரியே 1859-ல புதனோட பாதையும் சரியா வரலன்னு பாத்தாரு, அதுக்கும் உள்ள ஒரு கோள் இருக்கும்னாரு, வல்கன்னு பேரும் வச்சாச்சு, ஆளாளுக்குப் பாத்தேன்னு வேற சொன்னாங்க. அப்டி ஒண்ணு இல்லவே இல்ல. நூறு வருஷத்துக்கு 43 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரிய 3600-ஆ பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்), அந்தத் துளி வித்தியாசத்துக்குக் காரணம் நியூட்டன் விதியே முழுசு இல்லங்கறதுதான்னு 1915-ல ஐன்ஸ்டீன் காமிச்சாரு.

ஒரே ஆளு, ஒரே முறை, ஒரு தடவ சரக்கு நிஜமா இருந்துச்சு, இன்னொரு தடவ விதி மாறணும்னு ஆச்சு. அதனால "தெரியாத சரக்க சேக்குறாங்க"ங்கறது மட்டும் குத்தமாகாது. டார்க் மேட்டர் நெப்டியூனா வல்கனா, அதத்தான் கேக்கணும். நான் நெப்டியூன் கட்சி, முன்கூட்டியே சொல்லிடுறேன்.

ஸ்விக்கி விஷயம். அவரு பாத்தது கோமா கொத்து, ஆயிரத்துக்கு மேல கேலக்ஸி கூட்டமா சுத்துற இடம், நம்மகிட்ட இருந்து சுமார் 30 கோடி ஒளியாண்டு. ஒவ்வொண்ணும் ஓடுற வேகத்துக்கு கொத்து எப்பவோ சிதறிப் போயிருக்கணும். கட்டிப்போட எவ்வளவு எடை வேணும், வெளிச்சத்த வச்சுப் பாத்தா எவ்வளவு எடை இருக்குன்னு ஒப்பிட்டாரு, நூறு மடங்கு கணக்குல இடிச்சுது. அன்னிக்கு தூரத்த அளந்த கணக்கே ரொம்பத் தப்பா இருந்துச்சு, கேலக்ஸிகளுக்கு நடுவுல கோடிக்கணக்கான டிகிரி சூட்டுல எக்ஸ்ரே விடுற வாயு இருக்குறதும் அப்ப தெரியாது, நட்சத்திரங்கள விட பல மடங்கு எடை அந்த வாயுதான். எல்லாத்தையும் திருத்திப் போட்டாலும் தெரிஞ்ச சரக்கு மொத்தத்துல ஆறு ஏழுல ஒரு பங்குதான் தேறுது.

கதிர்_மதுர:
அக்கா நேரா கோமாவுக்கே போயிட்டாங்க, நான் கொஞ்சம் கிட்ட வரேன். சூரியக் குடும்பத்துல புதன் செகண்டுக்கு 47 கிமீ, பூமி 30, நெப்டியூன் 5.4. தள்ளிப் போகப் போக ஸ்லோ, ஏன்னா எடை எல்லாம் நடுவுல சூரியன்லயே இருக்கு. கேலக்ஸிலயும் வெளிச்சம் நடுவுலதான் குமிஞ்சு கிடக்கு, அதனால ஓரத்துல இருக்குற நட்சத்திரம் மெதுவாத்தான் சுத்தணும்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்தாங்க. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-ல ஆண்ட்ரோமீடாவ அளந்தாங்க, ஃபோர்டு கட்டின ஸ்பெக்ட்ரோகிராஃப் (ஒளிய நிறம் நிறமா பிரிக்கிற கருவி) மங்கலான ஒளியையும் பெருக்கிக் குடுக்கும், அதனாலதான் அவ்ளோ ஓரம் வரைக்கும் போக முடிஞ்சுது. ஓரத்துல வேகம் குறையவே இல்ல, செகண்டுக்கு 200 கிமீக்கு மேலயே நிக்குது. 1978-ல ஆல்பர்ட் போஸ்மா நெதர்லாந்துல வெஸ்டர்போர்க் ரேடியோ டெலஸ்கோப்ப வச்சு, ஹைட்ரஜன் விடுற 21 சென்டிமீட்டர் அலைய பிடிச்சு, நட்சத்திரமே தீந்து போன இடத்துக்கு அப்பாலயும் போய்ப் பாத்தாரு, அங்கயும் அதே கதை. 1980-ல ரூபின் டீம் 21 கேலக்ஸிக்கு கிராஃப் போட்டுக் காமிச்சப்புறம்தான் ஊரு நம்புச்சு. அந்தம்மாவுக்கு கடைசி வரைக்கும் நோபல் குடுக்கல, 2016-ல இறந்துட்டாங்க, அது வேற வயித்தெரிச்சல்.

வடலி:
எல்லாம் சரி, எனக்கு ஒண்டு விளங்கேல்ல. கேலக்ஸி முழுக்க இது நிரம்பிக் கிடக்கெண்டா எங்கட சூரியக் குடும்பத்துக்குள்ளயும் இருக்கோணும்தானே. பிறகேன் கிரகங்கள் எல்லாம் ஒழுங்கா நியூட்டன், ஐன்ஸ்டீன் சொன்ன மாதிரியே ஓடுது? ஆராவது ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ.

தாரகை:
வடலி, இதுக்கு நம்பராவே போட்டுக் காட்டலாம். சூரியன் இருக்குற பக்கம் டார்க் மேட்டர் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.3 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்னு வச்சுக்கறாங்க, அதாவது மூணு கன சென்டிமீட்டர் இடத்துக்கு ஒரு ஹைட்ரஜன் அணு எடை. இந்த அடர்த்திய பூமியோட மொத்த கன அளவால பெருக்கினா கிடைக்கிறது அரைக்கிலோ சொச்சம். ஆமா, பூமி மொத்தத்துக்குள்ளயும் எந்த நேரத்துலயும் அவ்ளோதான். சூரியன நடுவுல வச்சு நெப்டியூன் பாதை வரைக்கும் ஒரு உருண்டை போட்டா, அதுக்குள்ள இருக்குறது ஒரு 60 கிமீ குறுக்களவு விண்கல்லோட எடை, சூரியன் எடைல பத்து லட்சம் கோடில ஒரு பங்கு. கிரகத்துக்கு தெரியவே தெரியாது.

ஆனா நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியா நாலஞ்சு ஒளியாண்டு தள்ளித் தள்ளி நிக்குது, இது நடுவுல இருக்குற வெட்டவெளி பூரா விடாம பரவிக் கிடக்கு, கேலக்ஸித் தட்டுக்கு மேலயும் கீழயும் வெளியவும் லட்சக்கணக்கான ஒளியாண்டு. அவ்ளோ இடத்தால பெருக்கினா நம்ம பால்வெளிக்கு மொத்தம் சுமார் ஒரு லட்சம் கோடி சூரியன் எடை வருது, அதுல நட்சத்திரம், வாயு எல்லாம் சேத்தாலும் கொஞ்சம்தான்.

அப்ப ஏன் அதுவும் சுருங்கி தட்டா ஆகலன்னு அடுத்து கேப்பீங்க. சாதா வாயு ஒண்ணோட ஒண்ணு மோதும், ஒளி விடும், சூடு ஆறும், ஆறினா நடுவுக்கு இறங்கும், அப்டித்தான் தட்டும் நட்சத்திரமும் நாமளும். டார்க் மேட்டருக்கு ஒளி விடத் தெரியாது, சக்திய எங்கயும் கழிச்சுவிட முடியாது, அதனால உள்ள விழுந்து மறுபக்கம் ஏறி திரும்ப விழுந்து இப்டியே காலங்காலமா ஊசலாடிட்டு ஒரு பெரிய உப்பின உருண்டையாவே நிக்குது.

வடலி:
இப்ப வடிவா விளங்குது, நன்றி அக்கா. அரைக்கிலோ எண்டுறதுதான் நம்பேலாமல் கிடக்கு.

அரைக்கிறுக்கன்:
நெப்டியூன் கட்சி மீட்டிங் நல்லா நடக்குது, வல்கன் கட்சிக்கும் ஒரு மைக் குடுங்க. 1983-ல மோர்டஹாய் மில்க்ரோம்ங்கற இயற்பியலாளர் சொன்னது இதுதான், மோண்ட்னு பேரு: ஈர்ப்பு முடுக்கம் ஒரு அளவுக்குக் கீழ போயிட்டா நியூட்டன் விதி மாறிடுது. அந்த அளவு செகண்ட் வர்க்கத்துக்கு ஒரு மீட்டர்ல ஆயிரம் கோடில 1.2 பங்கு. ஒரே ஒரு நம்பர், அவ்ளோதான், கேலக்ஸிக்கு கேலக்ஸி மாத்திக்க முடியாது. இத வச்சு, கண்ணுக்குத் தெரியுற நட்சத்திரத்தையும் வாயுவையும் மட்டும் குடுத்தா சுத்துற வேகம் இவ்ளோன்னு சொல்லிடலாம், பெரும்பாலும் சரியா வருது. மங்கலான கேலக்ஸிகள் எப்டி சுத்தும்னு அளக்குறதுக்கு முன்னாடியே சொல்லி வச்சாரு, அப்புறம் அளந்தா அப்டியே இருந்துச்சு. 2016-ல மெக்காக், லெல்லி, ஷோம்பர்ட் மூணு பேரும் 153 கேலக்ஸிய எடுத்து தெரியுற பொருளோட இழுப்பையும் நிஜ இழுப்பையும் கிராஃப் போட்டாங்க, சிதறல் ரொம்பக் கம்மியா ஒரே கோட்ட ஒட்டி வந்து உக்காருது.

டார்க் மேட்டர் தனிச் சரக்குன்னா, அஞ்சு மடங்கு எடை இருக்குற அது, ஒரு பங்கு இருக்குற சாதா பொருள் எங்க இருக்குன்னு பாத்து பாத்து ஒவ்வொரு கேலக்ஸிலயும் அதுக்கேத்த மாதிரி ஏன் அடங்கி நிக்கணும்? இதுக்கு உங்க கட்சில "சிமுலேஷன்ல அப்டி வருது"ங்கறத தவிர பதில் கேட்டதில்ல. சுள்ளான் கேட்டதுல தப்பே இல்ல.

கதிர்_மதுர:
தல, கேலக்ஸிக்குள்ள மோண்ட் நல்லா வேலை செய்யுதுங்கறத நேர்மையான ஆளு எவரும் மறுக்க மாட்டாரு. ஆனா கொத்துக்குப் போனா உங்க ஆளு காலி. மோண்ட் விதியப் போட்டும் கொத்துகள்ல இன்னும் ரெண்டு மடங்கு எடை பத்தல, அதுக்கு நீங்களே "தெரியாத ஏதோ சரக்கு"ன்னு சேத்துக்கறீங்க. அப்புறம் புல்லட் கிளஸ்டர். ரெண்டு கொத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊடுருவிப் போன இடம், 2006-ல டக்ளஸ் க்ளோவ் குழு பேப்பர் போட்டாங்க. ரெண்டு ஊர்வலம் ஒரே தெருவுல எதிரெதிரா வந்தா, கைகலப்புல இறங்குறவன் நடுவுலயே மாட்டிக்குவான், எவனையும் கண்டுக்காதவன் பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவான் இல்லையா, அது மாதிரி வாயு ரெண்டும் மோதி நடுவுல தேங்கிடுச்சு, சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப்ல அது தெரியுது. தெரிஞ்ச பொருள்ல பெரும்பங்கு எடை அந்த வாயுதான். எடை இருக்குற இடத்துல ஒளி வளையும், ஆனா பின்னாடி இருக்குற கேலக்ஸிகளோட ஒளி எங்க வளையுதுன்னு பாத்தா நடுவுல இல்ல, ரெண்டு பக்கமும் தள்ளிப் போய் நிக்குது. எடை ஒரு இடத்துல, தெரியுற சரக்கு இன்னொரு இடத்துல. விதிய எப்டி மாத்துனாலும் இத சமாளிக்கறது கஷ்டம்.

ஒளி வளையறத வச்சு டார்க் மேட்டருக்கு மேப் போடுற வேலைல பெரிய பேரு பிரியம்வதா நடராஜன், யேல்ல இருக்காங்க, பொறந்தது கோயம்புத்தூர். 2020-ல அவங்க இருந்த டீம் கண்டுபிடிச்சது நெப்டியூன் கட்சிக்கே தலைவலி: கொத்துக்குள்ள இருக்குற சின்னச் சின்ன டார்க் மேட்டர் கட்டிகள், சிமுலேஷன் சொல்றத விட பத்து மடங்கு அதிகமா ஒளிய வளைக்குது. அதனால எங்க பக்கம் எல்லாம் சுபம்னு நான் சொல்ல வரல.

ஓம்சிவா_1008:
இதெல்லாம் நம்ம சித்தர்கள் வெட்டவெளின்னு என்னிக்கோ பாடிட்டாங்க. வெள்ளக்காரன் இப்பதான் வரான்.

மட்டுறுத்துனர்:
ஓம்சிவா, ஆன்மிகப் பகுதில தனி இழை இருக்கு, அங்க போடுங்க. இங்க அளக்க முடிஞ்சத மட்டும் பேசுவோம்.

தாரகை:
கேலக்ஸி சுத்துறத வச்சே எல்லாரும் சண்டை போடுறோம், பத்திரிகைக்காரங்களும் அதையேதான் எழுதுறாங்க. என்னக் கேட்டா அது ரெண்டாம்பட்சம். ரூபின் அளந்தது மொத்தமும் தப்புன்னு நாளைக்கே ஆனாலும் டார்க் மேட்டர கழட்டி விட முடியாது. காரணம் பழைய வெளிச்சம், காஸ்மிக் மைக்ரோவேவ் பின்னணி. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயசு ஆகுற வரைக்கும் எல்லாம் கொதிக்கிற பிளாஸ்மா. எலக்ட்ரான் தனியா திரியுது, ஒளி அதுல முட்டி முட்டி நகரவே முடியாம கிடக்குது. சாதா பொருள் எங்கயாவது கொஞ்சம் குமியப் பாத்தா ஒளியோட அழுத்தம் உதைச்சு வெளிய தள்ளிடும், திரும்ப குமியும், திரும்பத் தள்ளும், ஒலி அலை மாதிரி அதிர்ந்துட்டே இருந்துச்சு. அப்புறம் ஆறி அணு உருவானதும் ஒளி விடுதலையாச்சு, அந்த ஒளியத்தான் இன்னிக்கு பிளாங்க் சாட்டிலைட் படம் பிடிச்சது. அதுல இடத்துக்கு இடம் சூட்டு வித்தியாசம் எவ்ளோன்னா ஒரு லட்சத்துல ஒரு பங்கு. அதாவது சாதா பொருள் அந்த நேரத்துல கிட்டத்தட்ட அவ்ளோ சமமா, அவ்ளோ மழமழன்னு இருந்திருக்கு.

அங்க இருந்து இன்னிக்கு வரைக்கும் பிரபஞ்சம் விரிஞ்சது சுமார் 1,100 மடங்கு. ஐன்ஸ்டீன் சமன்பாட்டுல மேடு பள்ளம் வளர்றது ஏறக்குறைய விரிவு எவ்ளோவோ அவ்ளோதான். லட்சத்துல ஒண்ணு ஆயிரம் மடங்கு வளந்தா நூத்துல ஒண்ணு. அவ்ளோதான் வந்திருக்கணும் இன்னிக்கு. நூத்துக்கு ஒரு பங்கு அடர்த்தி கூடுன மூடுபனி, அங்கங்க லேசா. கேலக்ஸி கிடையாது, சூரியன் கிடையாது, இந்த இழையும் கிடையாது. ஆனா நிஜத்துல பெருவெடிப்புக்கு அப்புறம் முப்பது கோடி வருஷத்துலயே கேலக்ஸி இருந்தத ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் பாத்திருக்கு.

ஒளி உதைச்சா நகராத ஒரு பொருள் இருந்தாத்தான் இது சரியா வரும். சாதா பொருள் அந்தப் பக்கம் ஆடிட்டு இருக்கும்போதே, ஒளி கண்டுக்காத இன்னொண்ணு அமைதியா குமிஞ்சு பள்ளம் வெட்டி வச்சிருக்கணும், அணு உருவான உடனே வாயு அந்தப் பள்ளத்துல போய் விழுந்திருக்கணும். இது வெறும் கதை இல்ல, அந்தப் பள்ளங்கள் ஒலி அலைல தடம் விட்டிருக்கும். அந்த அலைகளோட பலத்த கிராஃபா போட்டா மேடு மேடா வரும், அந்த வரிசைல மூணாவது மேடு, ரெண்டாவது மேட்டுக்கு ஏறக்குறைய சமமா உசந்து நிக்கணும், டார்க் மேட்டர் இல்லன்னா அது படுத்திருக்கணும். பிளாங்க் அளந்துச்சு, உசந்துதான் நிக்குது. அதுல இருந்து வர்ற கணக்குதான் சாதா பொருள் 5 சதவீதம், டார்க் மேட்டர் 27, மீதி டார்க் எனர்ஜி (அது வேற ஆளு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க).

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது: அந்த 5 சதவீதம் முழுக்க வேற வழிலயும் வருது. பெருவெடிப்போட முதல் சில நிமிஷத்துல எவ்ளோ டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) மிஞ்சுச்சுங்கறது சாதா பொருள் எவ்ளோங்கறதப் பொறுத்தது. தூரத்து வாயுல டியூட்டீரியத்த அளந்து கணக்குப் போட்டா அதே 5. அதனால டார்க் மேட்டர்ங்கறது இருட்டுல கிடக்குற கல்லு, மண்ணு, அணைஞ்ச நட்சத்திரம் இதெல்லாமா இருக்க முடியாது, அணுவால ஆனதே இல்ல. அரைக்கிறுக்கன், நீங்க 1983 விதிய மட்டும் வச்சு மூணாவது மேட்ட வரவைங்க, நான் கட்சி மாறுறேன்.

அரைக்கிறுக்கன்:
மில்க்ரோமோட மூல விதி பிரபஞ்ச அளவுல பேச எழுதினது இல்ல மேடம், அது கேலக்ஸிக்கான விதி. 2021-ல ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் எழுதுன ரிலேட்டிவிட்டி மோண்ட்ல அந்த மேடுகள் எல்லாம் வருது, பேப்பர் பாருங்க.

தாரகை:
பாத்தேன். அதுல புதுசா ஒரு புலம் (ஃபீல்டு) சேக்குறாங்க, அது ஆரம்பகால பிரபஞ்சத்துல தூசி மாதிரி நடந்துக்குது, குமியுது, ஒளியக் கண்டுக்காது. அத வேற பேருல கூப்புட்டா உங்களுக்கு திருப்தின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல.

அரைக்கிறுக்கன்:
குத்திட்டீங்க. ஆனா கேலக்ஸிக்குள்ள என் 153 கேலக்ஸி கோடு ஏன் அவ்ளோ கச்சிதமா இருக்குன்னு நீங்க இன்னும் சொல்லல.

சுள்ளான்77:
ரெண்டு பேரும் அடிச்சுக்கறது சூப்பரா இருக்கு, படிச்சிட்டே இருக்கேன். அந்த மைக்ரோவேவ் விஷயம் எனக்கு புதுசு, இவ்ளோ நாள் கேலக்ஸி சுத்துற கதைய மட்டும்தான் எல்லா வீடியோலயும் சொல்றாங்க. ஆனா என் கேள்வி பாதி அப்டியே நிக்குது, துகள் எங்க? நம்ம தேனி பக்கம் நியூட்ரினோ ஆய்வகம்னு ஒண்ணு பேசிட்டே இருந்தாங்களே, அது இதுக்குத்தானா?

கதிர்_மதுர:
தேனி முதல்ல. பொட்டிப்புரத்துல மலைக்குள்ள வர்றதா இருந்தது 50,000 டன் காந்த இரும்பு டிடெக்டர், காத்து மண்டலத்துல உருவாகுற நியூட்ரினோங்கற, எதையும் லேசுல தொடாத துகள பாக்க. முக்கிய நோக்கம் டார்க் மேட்டர் இல்ல. 2015-ல மத்திய அரசு ஒப்புதல் குடுத்தாங்க, எதிர்ப்பு, கோர்ட்டுன்னு போய் நின்னுடுச்சு, அத இங்க ஆரம்பிச்சா இழை செத்துடும். டார்க் மேட்டருக்குன்னு இந்தியாவுல இறங்குன இடம் ஜார்க்கண்ட் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கம், 555 மீட்டர் ஆழத்துல 2017-ல சாஹா இன்ஸ்டிடியூட்காரங்க சின்ன லேப் திறந்தாங்க.

பெரிய வேட்டைன்னா அமெரிக்கால சவுத் டகோட்டா, ஹோம்ஸ்டேக் பழைய தங்கச் சுரங்கம், ஒன்றரை கிலோமீட்டர் அடியில 10 டன் திரவ செனான் தொட்டி, எல்இசட்னு பேரு. இத்தாலில கிரான் சாஸோ மலைக்குள்ள செனான்-என்டன், சீனால ஜின்பிங்ல பாண்டாஎக்ஸ். டார்க் மேட்டர் துகள் என்னிக்காவது ஒரு செனான் கருவ இடிச்சா ஒரு மின்னல் அடிக்கும், அதுக்குக் காத்துக் கிடக்காங்க. ஆழத்துல ஏன்னா மேல காஸ்மிக் கதிர் தொல்லை. 2024-ல எல்இசட் 280 நாள் டேட்டாவ வெளியிட்டாங்க: ஒண்ணும் இல்ல. இத்தாலிலயே டாமான்னு ஒரு குழு பல வருஷமா, வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குற சிக்னல் பாக்குறோம்னு சொல்லிட்டே இருக்காங்க, அதே சோடியம் அயோடைடு படிகத்த வச்சு ஸ்பெயின்ல அனைஸ், கொரியால கோசைன் ரெண்டு பேரும் பாத்தாங்க, அவங்களுக்குத் தெரியல. நான் டாமாவ நம்புறதில்ல.

90 வருஷம்னு சொல்றீங்க, ஆனா துகளா தேட ஆரம்பிச்சதே 1980-கள்லதான். பவுலி 1930-ல நியூட்ரினோ இருக்கும்னாரு, பிடிச்சது 1956-ல, அதுக்கு பக்கத்துலயே அணு உலை இருந்துச்சு, இதுக்கு அந்த வசதி இல்ல. ஒண்ணு ஒத்துக்கறேன், விம்ப்னு சொல்ற கனமான துகள் மேல 90-கள்ல இருந்த நம்பிக்கை இன்னிக்கு இல்ல, நிறைய பேரு ஆக்ஸியான்ங்கற ரொம்ப லேசான துகள் பக்கம் ஓடிட்டாங்க. ஈர்ப்பத் தவிர வேற எதையும் அது தொடவே தொடாதுன்னா எந்தத் தொட்டி கட்டியும் சிக்காது. அதுவும் நடக்கலாம்.

வடலி:
டார்க் மேட்டர் இல்லாத கேலக்ஸி ஒண்டு பிடிச்சிருக்கினம் எண்டு முந்தி நியூஸில வந்தது. அது உங்கட கட்சிக்கு நட்டமோ லாபமோ?

தாரகை:
லாபம், அதுவும் கொழுத்த லாபம். என்ஜிசி 1052-டிஎஃப்2, 2018-ல பீட்டர் வான் டோக்கம் குழு. அதுல இருக்குற கோளக் கொத்துகள் (உருண்டையா குமிஞ்ச நட்சத்திரக் கூட்டம்) ரொம்ப மெதுவா நகருது, நட்சத்திர எடை மட்டுமே போதும்னு கணக்கு வருது. டார்க் மேட்டர் தனிப் பொருள்னா அது ஒரு இடத்துல இருக்கலாம், இன்னொரு இடத்துல மோதல்ல உருவிப் போயிருக்கலாம். ஆனா ஈர்ப்பு விதி மாறுதுன்னா எல்லா கேலக்ஸிலயும் மாறணும், இது ஒண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு குடுக்க முடியாது. தூரம் தப்புன்னு சண்டை வந்துச்சு, 2021-ல ஹப்பிள வச்சு திரும்ப அளந்து 7 கோடி ஒளியாண்டு சொச்சம்னு உறுதி பண்ணாங்க. பக்கத்துலயே டிஎஃப்4-ன்னு இன்னொண்ணும் கிடைச்சுது.

அரைக்கிறுக்கன்:
பக்கத்துல பெரிய கேலக்ஸி இருந்தா அதோட இழுப்பு உள்ள மோண்ட் விளைவ அமுக்கிடும், இது மில்க்ரோம் ஆரம்பத்துலயே எழுதி வச்சது, டிஎஃப்2-க்காக கண்டுபிடிச்ச சாக்கு இல்ல. முழுசா சரியா வருதான்னா, இழுபறிதான்.

கதிர்_மதுர:
தீர்ப்பு சொல்லப் போறது நட்சத்திர ஓடைகள்னு நெனக்கிறேன். பால்வெளி கிழிச்சுப் போட்ட சின்ன நட்சத்திரக் கொத்து நூல் மாதிரி நீண்டு கிடக்கும், ஜிடி-1ன்னு ஒண்ணு, காயா சாட்டிலைட் டேட்டாவுல அதுல ஒரு ஓட்டையும் பக்கவாட்டுல ஒரு கிளையும் தெரியுது. ஏதோ ஒண்ணு ஊடால புகுந்து போயிருக்கு, பல லட்சம் சூரியன் எடையாவது இருக்கும், அந்த இடத்துல தெரியுற எதுவும் இல்ல. நட்சத்திரமே இல்லாத வெறும் டார்க் மேட்டர் கட்டிகள் ஆயிரக்கணக்குல திரியணும்னு எங்க கணக்கு, மோண்ட்ல அப்டி ஒண்ணுக்கு இடமே இல்ல. சிலி நாட்டுல வேரா ரூபின் டெலஸ்கோப் 2025-ல முதல் படம் விட்டாச்சு, பத்து வருஷம் வானத்த திரும்பத் திரும்பப் படம் எடுக்கப் போகுது. மங்கலான ஓடைகள் நிறைய சிக்கும், ஓட்டைகளும்.

அரைக்கிறுக்கன்:
சரி, அத ஒத்துக்கறேன், அது ஞாயமான பரீட்சை. ஆனா பால்வெளிக்கு நடுவுல இருக்குற நட்சத்திரப் பட்டை சுத்துறதாலயும் பெரிய வாயு மேகத்தாலயும் கூட ஓடைல ஓட்டை விழும், முதல்ல அதக் கழிச்சிட்டு மிச்சத்த எண்ணுங்க. எண்ணி வந்தப்புறம் இதே இழைய மேல தூக்கிப் போடுங்க.